இமேஜ் ஏற்றிய பின் பூட் ஆகாத கணினி

(கணினி ஆய்வகப் பொறுப்பாசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் கணினி ஆசிரியர்கள் சிலரே இருக்கிறீர்கள். கணக்கு, அறிவியல், தமிழ் கற்பிப்பவர்களும் தொடக்கப் பள்ளியில் பல வகுப்புகளைச் சேர்த்துப் பார்ப்பவர்களும் ஆய்வகப் பொறுப்பைக் கூடுதலாகச் சுமந்துகொண்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே இது பொறியாளருக்கான பேச்சு அல்ல. ஆய்வகச் சாவியும் இருப்புப் பதிவேடும் கையில் உள்ள ஆசிரியருக்கான பேச்சு.

ஆய்வகத்தில் ஒரு கணினியில் தேவையான எல்லா மென்பொருளையும் நிறுவி, அதன் வன்வட்டை அப்படியே நகலாக எடுத்து வைக்கிறோம். அதைத்தான் டிஸ்க் இமேஜ் என்கிறோம். வைரஸ் வந்தாலோ விண்டோஸ் கெட்டுப்போனாலோ அந்த இமேஜைத் திரும்ப ஏற்றுகிறோம். ஒவ்வொரு மென்பொருளாக நிறுவினால் ஒரு நாள் பிடிக்கும் வேலை ஒரு மதிய இடைவேளைக்குள் முடிகிறது. வேலை முழுதும் முடிந்தது என்று திரையும் சொல்கிறது. கணினியை அணைத்துப் போட்டால், கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி ஆங்கிலம். அதற்கு மேல் நகர மாட்டேன் என்கிறது.

அப்போது பள்ளிகளில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. அதே இமேஜை மறுபடியும் ஏற்றுகிறோம். மறுபடியும் அதே வரி வருகிறது. அல்லது 'ஹார்ட் டிஸ்க் பழுது' என்று ஒரு தாளில் எழுதி ஒட்டி, துணி போட்டு மூடிவிடுகிறோம். ஒரு கல்வியாண்டு முழுவதும் அந்தத் துணி விலகுவதில்லை.

பத்துக் கணினிகளும் நாற்பது மாணவர்களும் உள்ள ஓர் ஆய்வகத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு கணினிக்கு நான்கு பேர். இரண்டு கணினிகள் படுத்துவிட்டால் ஐந்து பேர். கணக்கில் இது சிறிய வேறுபாடு. ஆனால் அந்த ஐந்தாவது குழந்தை யார்? முண்டியடித்து முன்னால் வராத குழந்தை. வீட்டில் கணினி இல்லாத குழந்தை. விசைப்பலகையைத் தொடாமலேயே அந்தப் பாடவேளை அதற்கு முடிந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானும் மைஎஸ்க்யூஎல்லும் செய்முறைத் தேர்வுக்கு வருகின்றன. பார்த்துக்கொண்டிருந்தே அவற்றைக் கற்க முடியாது. அதனால்தான் இந்தச் சிறிய பழுதைப் பற்றி இவ்வளவு நேரம் பேசத் துணிகிறேன்.

வட்டு வந்தது, தாய்ப்பலகை வரவில்லை

இன்றைக்கு நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இமேஜில் வருவது வட்டில் இருந்தவை மட்டுமே. தாய்ப்பலகையில் உள்ள அமைப்புகள் அதில் வருவதில்லை. கணினி எழுவதற்கு இரண்டும் ஒத்துப்போக வேண்டும். இமேஜ் ஏற்றிய பின் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டும் ஒத்துப்போகாததால் வருபவையே. வட்டு கெட்டுப்போனதால் வருபவை குறைவு.

காலையில் பள்ளி திறப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதலில் காவலர் வெளிவாசலைத் திறக்கிறார். அலுவலகச் சாவி எங்கே மாட்டியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். சாவியை எடுத்து அலுவலகம் திறந்த பின் தலைமையாசிரியர் வருகிறார். பிறகு மணி அடிக்கிறது, வகுப்புகள் தொடங்குகின்றன. கணினியில் காவலர் வேலையைச் செய்வது தாய்ப்பலகையில் உள்ள பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ. சாவியின் வேலையைச் செய்வது பூட் லோடர் என்னும் சிறு நிரல். தலைமையாசிரியர், விண்டோஸ் அல்லது லினக்ஸ். பள்ளி திறக்கவில்லை என்றால் கட்டடத்தை இடிக்க மாட்டோம். யார் வரவில்லை என்று கேட்போம். இங்கும் அதே கேள்விதான். எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

விடை திரையிலேயே இருக்கிறது. அந்த ஆங்கில வரியைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு கை வையுங்கள்.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை

சி டிரைவுக்கு மட்டும் இமேஜ் ஏற்றியிருந்தால், டி டிரைவில் உள்ள மாணவர் கோப்புகள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். பதற்றத்தில் முழு வட்டு இமேஜை எடுத்து ஏற்றினால் அவையும் அழிந்துவிடும். ஆகவே மறுமுறை எதையும் ஏற்றுவதற்கு முன், உபுண்டு போன்ற லினக்ஸை லைவ் பென்டிரைவிலிருந்து இயக்கி, டி டிரைவில் உள்ளவற்றை வேறிடத்துக்கு நகலெடுத்துவிடுங்கள். வட்டில் எதையும் நிறுவாமலேயே இதைச் செய்யலாம். விண்டோஸை எப்போது வேண்டுமானாலும் மறுபடி ஏற்றலாம். ஒரு மாணவி மூன்று மாதம் செய்த செயல்திட்டத்தை அப்படி ஏற்ற முடியாது.

முதல் நிறுத்தம்: வட்டே தெரியவில்லை

'நோ பூட்டபிள் டிவைஸ்' என்ற வரி வந்தால் காவலருக்குச் சாவி கிடைக்கவில்லை என்று பொருள். கணினியைப் போட்டவுடன் எஃப் 2 அல்லது டெலீட் விசையை அழுத்தி பயாஸுக்குள் செல்லுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் இந்த விசை மாறும். அங்கே வன்வட்டின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் இமேஜுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. சாட்டா கேபிள் தளர்ந்திருக்கலாம். மின்சாரத்தை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே பெட்டியைத் திறந்து கேபிளை அழுத்திச் செருகுங்கள். உத்தரவாதக் காலத்திலோ பராமரிப்பு ஒப்பந்தத்திலோ உள்ள கணினியைத் திறக்க வேண்டாம். புகாரைப் பதிவு செய்யுங்கள். வட்டின் பெயர் தெரிந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

இரண்டாம் நிறுத்தம்: பழைய முறையா, புதிய முறையா

பூட் ஆவதில் இரண்டு முறைகள் உண்டு. பழைய முறைக்கு லெகசி என்று பெயர். அதில் வட்டின் முதல் 512 பைட்டுகளில் தொடக்க நிரலும் பகுதிகளின் பட்டியலும் இருக்கும். எம்பிஆர் என்பது அதுதான். புதிய முறை யூஇஎஃப்ஐ. அதில் வட்டு பொதுவாக ஜிபிடி முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். தொடக்க நிரல் தனியாக ஒரு சிறு பகுதியில் கோப்பாக இருக்கும். பழைய கணினியில் எடுத்த இமேஜைப் புதிய கணினியில் ஏற்றினால், ஏற்றும் வேலை குறையில்லாமல் முடியும். ஆனால் காவலர் தேடும் இடம் ஒன்று, சாவி மாட்டியிருக்கும் இடம் வேறொன்று.

நன்றாக ஓடும் மூலக் கணினியில் இதைச் சரிபார்ப்பது எளிது. விண்டோஸ் தேடல் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 என்று தட்டினால் வரும் பட்டியலில் 'பயாஸ் மோட்' என்று ஒரு வரி இருக்கும். லெகசி அல்லது யூஇஎஃப்ஐ என்று அதில் எழுதியிருக்கும். இமேஜ் எந்த முறையில் எடுத்ததோ, அதே முறையைப் பழுதான கணினியின் பயாஸில் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் கணினி எழுந்துவிடும். அண்மையில் வந்த கணினிகள் சிலவற்றில் லெகசி முறையே கிடையாது. அவற்றுக்கு யூஇஎஃப்ஐ முறையில் தனியாக இமேஜ் எடுத்துக்கொள்வதே வழி.

மூன்றாம் நிறுத்தம்: முகவரி மாறிவிட்டது

முறை ஒத்துப்போகிறது, வட்டும் தெரிகிறது, ஆனாலும் எழவில்லை. 'பூட் கான்ஃபிகரேஷன் டேட்டா' என்ற சொற்கள் திரையில் தெரிந்தால் விண்டோஸ் எங்கே இருக்கிறது என்னும் குறிப்பு தவறாக இருக்கிறது என்று பொருள். சி டிரைவை மட்டும் இமேஜ் எடுத்து, தொடக்க நிரல் உள்ள சிறு பகுதியை விட்டுவிட்டால் இப்படி நேரும். யூஇஎஃப்ஐ முறையில் இன்னொரு காரணமும் உண்டு. எந்தக் கோப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்ற பட்டியலைத் தாய்ப்பலகை தன் நினைவகத்தில் வைத்திருக்கும். அது இமேஜோடு வராது என்பதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

விண்டோஸ் நிறுவல் பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். 'இன்ஸ்டால்' என்பதை அழுத்தாமல் 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' தானாகவே சரிசெய்யப் பார்க்கும். அது முடியாவிட்டால் கட்டளைத் திரையில் பிசிடிபூட் என்னும் கட்டளை இருக்கிறது. தொடக்கக் கோப்புகளைப் புதிதாக எழுதித் தரும். இங்கே ஒரு கவனம் வேண்டும். பழுதுபார்க்கும் திரையில் டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம். வழக்கமாக சி என்பது அங்கே டி ஆகத் தெரியலாம். விண்டோஸ் கோப்புறை எந்த எழுத்தில் இருக்கிறது என்று பார்த்த பிறகே கட்டளையைத் தட்டுங்கள்.

நான்காம் நிறுத்தம்: விண்டோஸ் எழுந்து உடனே விழுகிறது

விண்டோஸ் சின்னம் தோன்றும். சில நொடிகளில் நீலத்திரை வந்து 'இனாக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று சொல்லும். தலைமையாசிரியர் வந்துவிட்டார், ஆனால் அலுவலக அலமாரியைத் திறக்க முடியவில்லை என்ற நிலை இது. பயாஸில் வட்டோடு பேசுவதற்கு ஏஎச்சிஐ, ரெய்டு, ஐடிஈ என்று முறைகள் உண்டு. மூலக் கணினி ஏஎச்சிஐ முறையில் இருந்து, ஏற்றிய கணினி ரெய்டு முறையில் இருந்தால், விண்டோஸிடம் தொடக்கத்திலேயே தயாராக இருக்க வேண்டிய டிரைவர் இல்லாமல் போகும். 'சாட்டா மோட்' என்ற வரியைத் தேடி, மூலக் கணினியில் உள்ளபடியே மாற்றுங்கள். பழைய அமைப்பு என்னவென்று எழுதி வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

இந்த அமைப்புகள் யாரும் தொடாமலேயே மாறுவது உண்டு. தாய்ப்பலகையில் சிஆர் 2032 என்னும் 3 வோல்ட் பொத்தான் பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்துபோனால், மின்சாரம் நின்றதும் பல கணினிகளில் பயாஸ் தன் ஆரம்ப நிலைக்கே திரும்பிவிடும். கோடை விடுமுறை முடிந்து திறக்கும்போது தேதியும் நேரமும் பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் முதல் சந்தேகம் அந்தப் பேட்டரி மீதுதான் வர வேண்டும். கைக்கடிகாரக் கடையிலும் அது கிடைக்கும்.

லினக்ஸ் கணினிகளில்

லினக்ஸில் 'க்ரப் ரெஸ்க்யூ' என்று வந்து நின்றால், பூட் லோடர் தன் கோப்புகள் இருக்கும் பகுதியைக் கண்டுபிடிக்கவில்லை என்று பொருள். லைவ் பென்டிரைவிலிருந்து க்ரப்பை மறுபடி நிறுவினால் சரியாகும். கணினி எழுகிறது, ஆனால் 90 நொடிகள் காத்திருக்கிறது என்றால், எஃப்எஸ்டேப் என்னும் கோப்பில் இல்லாத ஒரு பகுதியின் அடையாள எண் எழுதியிருக்கக்கூடும். ஒவ்வொரு பகுதிக்கும் யூயூஐடி என்ற எண் உண்டு. பகுதியைப் புதிதாக ஃபார்மேட் செய்தால் அது மாறிவிடும்.

பழைய வட்டிலிருந்து புதிய வட்டுக்கு நேரடியாக நகலெடுப்பவர்கள், முதல்முறை தொடங்கும்போது பழைய வட்டைக் கழற்றிவிடுங்கள். ஒரே அடையாள எண்ணோடு இரண்டு வட்டுகள் இருந்தால், வகுப்பில் ஒரே பெயரில் இருவர் இருப்பதுபோல, யாரைக் கூப்பிட்டால் யார் எழுவார் என்று தெரியாது.

உண்மையிலேயே பழுது எப்போது

எல்லாம் பார்த்தும் எழாவிட்டால், அதே இமேஜை அதே மாடல் கணினி இன்னொன்றில் ஏற்றிப் பாருங்கள். அந்தக் கணினியில் உள்ளவற்றை முதலில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எழுந்தால் இமேஜில் குறையில்லை. முதல் கணினியை ஆராய வேண்டும். அங்கேயும் எழாவிட்டால் இமேஜே சரியில்லை. குளோன்சில்லா போன்ற இலவச மென்பொருளில் எடுத்த இமேஜைச் சரிபார்க்கும் வசதியே இருக்கிறது. இமேஜ் எடுத்த அன்றே அதைச் செய்துவிடலாம். வட்டிலிருந்து டக் டக் என்று ஒலி வந்தாலோ, பயாஸில் அதன் பெயர் ஒரு நேரம் தெரிந்து ஒரு நேரம் மறைந்தாலோ, அப்போது பழுது என்று எழுதி ஒட்டுங்கள். அப்போதும் என்ன வரி வந்தது, என்னென்ன பார்த்தோம் என்பதைச் சேர்த்து எழுதுங்கள். வருகிற தொழில்நுட்பருக்கு அது பாதி வேலையைக் குறைக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். அறிவியல் ஆய்வகத்தில் மாணவருக்குச் சொல்வது இதைத்தானே? நான்கு அமைப்புகளை ஒன்றாக மாற்றி கணினி எழுந்துவிட்டால், எது காரணம் என்று யாருக்கும் தெரியாது. அடுத்த கணினியில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு

இந்த வாரம் பள்ளிக்குத் திரும்பியதும் செய்யக்கூடிய ஒரு வேலையைச் சொல்லி முடிக்கிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றை ஆய்வகத்துக்கென்று ஒதுக்குங்கள். ஒரு கணினிக்கு ஒரு பக்கம். அதில் ஐந்து குறிப்புகள் இருக்கட்டும்: கணினியின் மாடல், பூட் முறை லெகசியா யூஇஎஃப்ஐயா, சாட்டா மோட் எது, வட்டின் அளவு, இமேஜ் எடுத்த தேதியும் அது இருக்கும் இடமும். வட்டின் அளவு எதற்கு என்றால், மூல வட்டைவிடச் சிறிய வட்டில் இமேஜை ஏற்ற பல மென்பொருள்கள் மறுத்துவிடும்.

கணினிகள் நன்றாக ஓடும்போதே இதை எழுதிவிட வேண்டும். பதினொன்றாம் வகுப்பு மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் பயாஸ் திரையைப் படிக்க, இன்னொருவர் எழுதட்டும். பாடநூலில் இயக்க அமைப்பு பற்றிப் படிப்பவர்கள், அது எழுவதற்கு முன் என்ன நடக்கிறது என்பதைத் திரையிலேயே பார்ப்பார்கள். நீங்கள் மாறுதலில் வேறு பள்ளிக்குப் போனாலும் அந்த நோட்டு அங்கேயே இருக்கும். உங்களுக்குப் பின் வரும் ஆசிரியர் துணியை எடுத்துப் பார்க்கத் தயங்க மாட்டார்.