ஒரு ராத்திரி அறையும் சொந்த வீட்டுக் கதவும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் மறுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கடைசி வரிசையைத் தேடிப்பிடித்து உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே!

நான் 2010-ம் ஆண்டு மின்னணுவியல் பிரிவில் படித்து வெளியேறியவன். அப்போது எனக்கும் அந்தக் கடைசி வரிசைதான். போன மாசம் சங்கச் செயலாளர் போன் பண்ணி, "ஒரு பத்து நிமிஷம் ஏதாவது உபயோகமாப் பேசுப்பா" என்றார். வாழ்க்கையில் வெற்றி பெறுவது எப்படி என்று பேச எனக்குத் தகுதி கிடையாது. எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்தான். ஒன்று, லாட்ஜில் தங்குவது. மாசத்தில் பதினைந்து நாள் சைட் வேலை. கம்பெனி கொடுக்கிற படிக்குள் அறை தேட வேண்டும். இன்னொன்று, ராமநாதபுரத்தில் தனியாக இருக்கும் என் அம்மாவின் வீட்டுக்கு நானே செய்த காவல் ஏற்பாடு. இரண்டும் வேறு வேறு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை என்று எனக்குக் காட்டிக் கொடுத்தது ராமேஸ்வரத்தில் ஒரு நாதாங்கி.

அப்பா காலமான மறுவருஷம் தை அமாவாசைக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு ராமேஸ்வரம் போனேன். கூப்பிடு தூரம்தான். ஆனாலும் விடியற்காலைக் கூட்டத்தில் அம்மாவால் பஸ் ஏற முடியாது என்று முந்தின நாளே போய் ஒரு சாதாரண லாட்ஜில் தங்கினோம். ஆடி அமாவாசை, தை அமாவாசை சமயத்தில் அங்கே அறை கிடைப்பதே ஒரு புண்ணியம்.

போனவர்களுக்குத் தெரியும். முதலில் அக்னி தீர்த்தக் கடலில் முழுக்கு. பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தம். சொட்டச் சொட்ட ஈரத்துணியோடு ஒவ்வொரு கிணறாகப் போக வேண்டும். பர்சை எங்கே வைப்பது? செல்போனைக் கோயிலுக்குள் கொண்டு போகவே கூடாது. ஆக, பணம், போன், நகை எல்லாம் அறையில். அந்த இரண்டு மூன்று மணி நேரம் யாத்திரை வந்த குடும்பத்தின் மொத்தச் சொத்துக்கும் காவல் அந்த லாட்ஜ் கதவு ஒன்றுதான்.

நான் கெட்டிக்காரன் இல்லையா, சொந்தப் பூட்டு கொண்டு போயிருந்தேன். ஹாஸ்டலில் என் டிரங்குப் பெட்டியில் நாலு வருஷம் தொங்கிய திண்டுக்கல் பூட்டு. 2019-ல் புவிசார் குறியீடு பெற்றதே, அந்த ஊர்ப் பூட்டுதான். தீர்த்தமாடித் திரும்பி வந்தால் இடுப்பில் முடிந்திருந்த சாவியைக் காணோம். கடல் ராஜா வாங்கிக்கொண்டார். ரூம் பாயைக் கூப்பிட்டேன். சுத்தியல் கொண்டுவருவான் என்று பார்த்தால், பூட்டைக் கையில் பிடித்து ஒரே இழு. நாதாங்கி நாலு ஸ்குரூவோடும் கையோடு வந்துவிட்டது. பூட்டில் ஒரு கீறல் கூட இல்லை. "உப்புக்காத்து சார்" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "நம்ம கொல்லைக் கதவும் இப்படித்தாண்டா ஆடுது" என்றார்கள்.

நண்பர்களே, அந்தக் கொல்லைக் கதவு இருந்த வீட்டுக்கு நான் அதற்கு ஆறு மாதம் முன்னால்தான் நாலு காமிரா மாட்டியிருந்தேன். கதவைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

நம்ம கடற்கரையில் முதல் திருடன் உப்புதான். காற்றில் வரும் குளோரைடு இரும்பைச் சும்மா விடாது. துருப்பிடிப்பதைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிலையம் மண்டபத்தில் ஒரு கள நிலையம் வைத்திருக்கிறது. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம் எத்தனையோ புயலைத் தாங்கியது. கடைசியில் அரிப்பு முற்றி 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது. 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறக்கப்பட்ட புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, விசேஷப் பூச்சு, பற்றவைத்த இணைப்புகள் என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய பாலத்துக்கே அந்தக் கதி என்றால், நாலு ரூபாய் ஸ்குரூ எந்த மூலைக்கு?

ஆகவே பட்ஜெட் லாட்ஜுக்குப் போனால், பணம் கட்டும் முன் அறையைப் பாருங்கள். மெத்தையைப் பார்ப்பதற்கு முன் கதவைப் பாருங்கள். நாதாங்கியைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டுங்கள். உள்தாழ்ப்பாள் முழுசாகப் போய் நிலைக்குள் உட்காருகிறதா? ஜன்னல் கொக்கி விழுகிறதா? பாத்ரூம் வென்டிலேட்டரில் கம்பி இருக்கிறதா? மாடிப்படி எந்தப் பக்கம், தீப்பிடித்தால் இருட்டில் தடவிக்கொண்டு இறங்க முடியுமா? இதற்கெல்லாம் இரண்டு நிமிஷம் போதும். தாழ்ப்பாள் சரியில்லை என்றால் கதவுக்கு அடியில் செருக ஒரு மரஆப்பு பையில் இருக்கட்டும். அடையாளத்துக்கு ஆதார் கேட்டால், முதல் எட்டு எண்களை மறைத்த நகல் கொடுங்கள். ஆதார் ஆணையமே அதற்கு வழி செய்திருக்கிறது. தீர்த்தமாடப் போகும்போது குடும்பமாக வந்தவர்கள் முறை வைத்து ஒருத்தர் அறையில் இருங்கள். எந்தப் பூட்டையும் விட அது மேல்.

தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அறையில் கண்ணாடி, சுவிட்ச் பெட்டி, புகை உணரும் கருவி இவற்றில் சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் கூச்சப்படாமல் உடனே வெளியே வந்து 112-க்கு போன் பண்ணுங்கள். பெண்களை அவர்கள் அறியாமல் அந்தரங்கமாகப் பார்ப்பதும் படம் எடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவின்படி குற்றம்.

இப்போது வீட்டுக்கு வருகிறேன். நாமே வாங்கி நாமே மாட்டுகிற கருவிகள் இன்று கடைகளில் நிறைய. என்ஜினியர் என்ற திமிரில் நான் செய்த தப்புகளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் தப்பு, ஹாலுக்குள் ஒரு காமிரா. சைட்டில் இருந்தபடியே அம்மா சாப்பிட்டார்களா, மாத்திரை போட்டார்களா என்று பார்க்கலாம் என்று பெருமைப்பட்டேன். ஒரு வாரத்தில் படம் இருட்டாகிவிட்டது. ரிப்பேர் என்று நினைத்து ஊருக்கு ஓடினால், அதன் மேல் ஒரு துண்டு தொங்குகிறது. அம்மா கேட்டார்கள்: "நீ திருடனைப் பாக்குறியா, என்னையப் பாக்குறியா? என் வீட்டுல நான் காலை நீட்டி உக்கார முடியல." எனக்குப் பதில் வரவில்லை. அன்றைக்கே அதைக் கழற்றினேன்.

இரண்டாவது தப்பு, கரண்ட்டை நம்பியது. கரண்ட் போனால் ரூட்டர் போச்சு. ரூட்டர் போனால் நாலு கண்ணும் குருடு. மூன்றாவது, வெளியே இருந்த கேபிள் இணைப்புகளைத் திறந்தபடி விட்டது. சில மாதத்திலேயே பச்சை பூத்துவிட்டது. நாலாவது, பூனை. ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பூனைக்கு ஒரு எச்சரிக்கை, ஒரு மணிக்கு முருங்கைக் கிளைக்கு ஒரு எச்சரிக்கை. தொல்லை தாங்காமல் போனை சைலண்டில் போட்டுத் தூங்கப் பழகிவிட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ராமேஸ்வரத்திலிருந்து திரும்பியதும் எல்லாவற்றையும் வரிசை மாற்றிச் செய்தேன். முதலில் கதவு. ஸ்குரூவுக்குப் பதில் பலகையைத் துளைத்துப் போகும் போல்ட், உள்பக்கம் நட்டு. உப்புக்காற்றுக்கு 304 ரகத்தைவிட 316 ரக எஃகு தாங்கும்; அதில் மாலிப்டினம் இருக்கிறது. பூட்டு பித்தளை. அடுத்து வெளிச்சம்: கொல்லையில் ஆள் அசைந்தால் எரியும் விளக்கு. மூன்றாவது சத்தம்: கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு ரீட் சுவிட்ச், பேட்டரியில் ஓடும் சைரன். நாம் லேபில் உடைத்துவிட்டு அபராதம் கட்டினோமே, அதே கண்ணாடிக் குழாய்தான். உடல் சூட்டை வைத்து ஆள் அசைவதைக் கண்டுபிடிக்கும் உணரி, நம்ம ஊர் சித்திரை வெயிலில் சுவரே கொதிக்கும்போது கொஞ்சம் மந்தமாகிவிடும். அதனால் அதை மட்டும் நம்பவில்லை.

கடைசியில்தான் காமிரா. வாசலுக்கு ஒன்று, கொல்லைக்கு ஒன்று, வீட்டுக்குள் பூஜ்யம். ரூட்டருக்கு ஒரு குட்டி யுபிஎஸ். இணைப்புகள் மூடிய பெட்டிக்குள். நெட் போனாலும் பதிவாக உள்ளேயே மெமரி கார்டு. கம்பெனி போட்டு அனுப்பும் பாஸ்வேர்டை முதல் வேலையாக மாற்றினேன். 2016-ல் மிராய் என்ற நச்சு நிரல், அப்படி மாற்றாமல் விட்ட காமிராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றி, அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களையே முடக்கியது. நம் நாட்டில் 2025 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வரும் காமிராக்கள் அரசு வகுத்த பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும். வாங்கும்போது அந்தச் சான்றிதழைக் கேளுங்கள்.

இதெல்லாம் முடிந்தபின்னும் ஒரு கேள்வி பாக்கி. சைரன் அடித்தால் யார் வருவார்? நான் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒரு லாட்ஜில் கிடப்பேன்.

வீட்டுக் காவலுக்குக் காமிராவும் திரையும் கொண்ட ஏற்பாட்டை முதலில் உருவாக்கியவர்களில் ஒருவர் மேரி வான் பிரிட்டன் பிரவுன். நியூயார்க் நகரில் ஒரு நர்ஸ். கணவர் எலக்ட்ரானிக் டெக்னீஷியன். இரண்டு பேரும் சேர்ந்து 1966-ல் விண்ணப்பித்து 1969-ல் காப்புரிமை வாங்கினார்கள். கதவைத் திறக்காமலே வெளியில் நிற்பவரைப் பார்க்கலாம், பேசலாம். அதோடு ஒரு பொத்தானை அழுத்தி ஆபத்து என்று வெளியே தெரிவிக்கலாம்; நமக்கு வேண்டியவர் என்றால் இன்னொரு பொத்தானால் கதவையும் திறந்துவிடலாம். கவனியுங்கள். அந்த அம்மா பார்ப்பதோடு நிறுத்தவில்லை. ஆளைக் கூப்பிடவும், வந்தவரை உள்ளே விடவும் வழி வைத்தார்.

நான் ஒரு ஒயர்லெஸ் காலிங் பெல் வாங்கினேன். பொத்தான் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில். மணி எதிர்வீட்டு அக்கா வீட்டில். இரண்டும் பேட்டரி, நெட் வேண்டாம், கரண்ட் வேண்டாம். முன்கதவுக்கு வெளியிலிருந்தும் சாவியால் திறக்கும் பூட்டு போட்டு, ஒரு சாவியை அக்காவிடம் கொடுத்தேன். மொத்த ஏற்பாட்டிலேயே விலை குறைந்தது அந்த பெல்தான்.

போன வருஷம் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவுக்குத் தலைசுற்றல். எழுந்தவர்கள் கட்டிலோரம் சரிந்துவிட்டார்கள். கை எட்டியது பொத்தானுக்குத்தான். அக்காவும் அவர் வீட்டுக்காரரும் கதவைத் திறந்து உள்ளே வந்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ரத்த அழுத்தம் ஏறியிருந்தது; நேரத்தோடு வந்தது நல்லது என்றார் டாக்டர். அந்த நேரம் நான் எங்கே? நல்ல தாழ்ப்பாள் உள்ள ஒரு லாட்ஜ் அறையில், போனை சைலண்டில் போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். காலையில் ஆறரைக்குத்தான் பார்த்தேன். பதினோரு தவறிய அழைப்பு. வாசல் காமிராவில் எல்லாம் துல்லியமாகப் பதிவாகியிருந்தது. அதனால் என்ன பிரயோஜனம், சொல்லுங்கள்?

நம்ம மாவட்டத்தில் பாதித் தெருக்களில் பிள்ளைகள் வளைகுடாவிலோ, சிங்கப்பூர், மலேசியாவிலோ, சென்னையிலோ இருக்கிறோம். வீடு பூட்டிக் கிடக்கிறது. இல்லையென்றால் வயசானவர்கள் ஒற்றையாய் இருக்கிறார்கள். காமிரா வாங்கி அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நல்ல கதவு என்பது கூடாதவனை நிறுத்த வேண்டும், வேண்டியவரை உள்ளே விட வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது காவல் இல்லை.

கடைசியாக, தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு ஸ்குரூ டிரைவர் எடுத்துப் போங்கள். கொல்லைக் கதவின் நாதாங்கியைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிப் பாருங்கள். அப்புறம் எதிர்வீட்டுக்குப் போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

அம்மா நன்றாக இருக்கிறார்கள். இன்றைக்கு இங்கே வந்திருக்கிறார்கள், மூன்றாவது வரிசை. வீட்டுச் சாவி எதிர்வீட்டு அக்காவிடம்.