எரிசக்தி வரைபடமும் தோட்டத்துப் பெயர்களும்



சூரிய மின்னாற்றலைப் பற்றிப் பேச மொழியியலாளனுக்கு என்ன உரிமை என்று நீங்கள் எண்ணக்கூடும். வரைபடமும் ஒரு பனுவலே. அதில் இடம்பெறும் சொற்களையும் விடுபடும் சொற்களையும் ஆராய்வது எங்கள் துறைக்குரிய பணியாகும்.

நம் நாட்டின் நீடித்த எரிசக்தி மேம்பாட்டு வாரியம், புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கான வழித்திட்டத்தை 2021ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்டது. மலேசியாவில் சூரிய ஒளியிலிருந்து 269 கிகாவாட் மின்திறன் பெற இயலும் என அது கணித்தது. இதில் நிலத்தில் நிறுவத்தக்கது 210, கூரைகளில் 42, நீர்நிலைகளில் மிதக்கவிடத்தக்கது 17.

இதன் நிலத்தேவையை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு மெகாவாட்டிற்கு ஏறத்தாழ 4 ஏக்கர் வேண்டும் என்று கொள்வோம். 210 கிகாவாட்டிற்கு 840,000 ஏக்கர், அதாவது சுமார் 3,400 சதுர கிலோமீட்டர் தேவை. இது நம் மலாக்காவைப் போல் இரு மடங்கு. அத்தனையும் கட்டப்படப் போவதில்லை. எனினும் நிலத்தின் மீது விழவிருக்கும் பார்வையின் அளவை இவ்வெண் உணர்த்துகிறது. ஜாசின் மாவட்டத்தில் மட்டும் 50 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஒன்று 2019ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது.

இத்தகைய வரைபடம் படலம் படலமாக உருவாகிறது. ஒளியின் அளவு ஒரு படலம், நிலச்சரிவு மற்றொன்று, துணைமின் நிலையம் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது இன்னொன்று. காடு, வயல், குடியிருப்பு முதலியவற்றைக் கழித்த பின் எஞ்சுவது 'பொருத்தமான நிலம்' எனப் பெயர் பெறுகிறது. இத்தொடர் கழித்தலின் விளைவாகப் பிறந்தது. அந்நிலத்தில் யார் வாழ்ந்தார்கள், எதை வழிபட்டார்கள், எங்கே அடக்கம் செய்தார்கள் என்பதை இது கூறாது.

மலாக்காவின் நிலம் பலமுறை உருமாறியது. மரவள்ளி விளைந்த இம்மாநிலத்தில், 1896ஆம் ஆண்டு புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் பால்மரம் நட்டார். பின்னர்ச் செம்பனை வந்தது. இன்று ஒளித்தகடு வருகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960ஆம் ஆண்டு, துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். நிலம் கைமாறும்போது வாழ்வும் கலைகிறது என்பதை அன்றே நம் சமூகம் உணர்ந்திருந்தது.

தோட்டத்துக் கோயில்களும் லயங்களும் இடுகாடுகளும் பெரும்பாலும் தனிப்பட்டா இல்லாதவை. எனவே நிலப்பதிவேட்டை அடிப்படையாகக் கொண்ட வரைபடத்தில் அவை தென்படுவதில்லை. பதிவேட்டில் ஒரு பெயரும், தொழிலாளர் வாயில் வேறொரு பெயருமாக வழங்கிய தோட்டங்களும் உண்டு. அப்பெயரைச் சொல்லும் முதியவர் மறைந்தால், அவ்விடம் இருந்ததற்கான சான்றும் மறைகிறது.

தூய ஆற்றல் நமக்குத் தேவை. அதில் எனக்கு ஐயமில்லை. புதிய நிலம் கோராத கூரைகளுக்கு முதலிடம் தரலாம் என்பது என் கருத்து. பள்ளிக் கூரையும் கடைத்தெருக் கூரையும் அந்த 42 கிகாவாட்டிற்குள் அடங்குபவையே. நிலம் தேவைப்படும் இடங்களில், மக்கள் வழங்கும் பெயர்களும் வரைபடத்தில் ஒரு படலமாக இடம்பெற வேண்டும்.

அப்படலத்தைத் தொகுக்கும் பணியை ஆசிரியர்களாகிய நீங்கள் தொடங்கலாம். ஒவ்வொரு மாணவரும் தம் தாத்தா பாட்டியிடம் கேட்டு, தோட்டத்தின் வழக்குப் பெயர், கோயில், இடுகாடு, பழைய பள்ளி ஆகியவற்றை இருப்பிடக் குறிப்புடன் எழுதட்டும். கைத்தொலைபேசியே அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் காட்டிவிடும். பள்ளிதோறும் தொகுத்து மாவட்ட நில அலுவலகத்தில் ஒரு படியை ஒப்படையுங்கள். திட்டம் முடிவான பின் தரும் மனுவைவிட, திட்டத்திற்கு முன் தரும் பட்டியலுக்கு வலிமை மிகுதி.