‘சொல்லி அனுப்புறோம்’ என்ற வாக்கியத்தை வாசிப்பது

(பெற்றோர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வந்தேன். ஸ்கூல் அட்மிஷன் பற்றிப் பேசு என்றார்கள். சரிதான். பள்ளிக்கூட இன்டர்வியூவில் தோற்றுப்போன அப்பன் என்ற தகுதி எனக்கு உண்டு.

என் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஒரு தனியார் பள்ளிக்குப் போனோம். பெயர் வேண்டாம். பெயரை மாற்றினாலும் கதை மாறாது. 25 சதவீத ஒதுக்கீட்டில் கேட்க வழியில்லை. ஒரு கிலோமீட்டர் கணக்குக்குள் எங்கள் காலனி வரவில்லை. பணம் கட்டிச் சேர்ப்பது என்று முடிவு. என்னிடம் சம்பளம் கேட்டார்கள். மனைவியிடம் படிப்பைக் கேட்டார்கள். அப்புறம் சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு. தெருப் பெயர் சொன்னபோது ஒருத்தர் பேனாவை மூடினார். பிறகு எங்களை வெளியே உட்கார வைத்துவிட்டுப் பிள்ளையை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். பத்து நிமிஷம் இருக்கும். ஆபீஸ் அம்மா வந்து சொன்னார்: “குழந்தை ரொம்ப ஷை. கம்யூனிகேஷன் போதாது. வீட்ல கொஞ்சம் பேசிப் பழக்குங்க. நாங்க சொல்லி அனுப்புறோம்.”

சொல்லி அனுப்பவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பஸ்ஸிலேயே பிள்ளையைத் திட்டினேன். “வீட்ல வாய் ஓயாதே, அங்க என்னடி ஆச்சு?” பத்து நாள், சாயங்காலம் ஆனால் அவளைச் சுவரோரம் நிறுத்தி ‘மை நேம் இஸ்’ சொல்ல வைத்தேன். கவிதை எழுதுகிறவன், ஒவ்வொரு சொல்லையும் சந்தேகப்படுகிறவன், அந்த ஆபீஸ் அம்மா சொன்னதை மட்டும் ஒரு எழுத்து விடாமல் நம்பினேன். பிள்ளை அழுதது. நான் விடவில்லை.

கடைசியில் அவள் ஆயாகிட்டத்தான் சொல்லியிருக்கிறாள். உள்ளே கேட்ட முதல் கேள்வி: “சண்டே உங்க வீட்ல என்ன சமைப்பாங்க?” முதல் நாள் ராத்திரியே அவள் அம்மா சொல்லி வைத்திருந்தாள், “யார் கேட்டாலும் மாட்டுக்கறின்னு மட்டும் சொல்லிடாத.” எதைச் சொல்லக் கூடாது என்று கற்றுக் கொடுத்தோமே தவிர, பதிலுக்கு எதைச் சொல்வது என்று கற்றுக் கொடுக்கவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டாள். அடுத்த கேள்விக்கும் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்குத்தான் ‘ஷை’ என்று பேர் வைத்தார்கள். பேசினால் என்ன ஆகும் என்று ஆறு வயசில் தெரிந்துகொண்ட பிள்ளைக்குக் கம்யூனிகேஷன் போதாதாம்!

அம்பேத்கர் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க ஆசைப்பட்டார். மறுத்துவிட்டார்கள், பாரசீகம் எடுத்துப் படித்தார். அவரிடம் யாரும் ‘நீ ரொம்ப ஷை’ என்று சொல்லவில்லை. சாதிதான் காரணம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. இன்றைக்கு அதே கதவைச் சாத்துகிறவர்கள் வேறு பாஷை பேசுகிறார்கள். “உங்க பொண்ணுக்கு இங்க அட்ஜஸ்ட் ஆகக் கஷ்டமா இருக்கும்.” “ஹோம் சப்போர்ட் பத்தாது.” “இங்க வர்ற ஃபேமிலியெல்லாம் வேற மாதிரி.” இந்த மூன்றிலும் பிள்ளை எங்கே இருக்கிறது, தேடிப் பாருங்கள். வீடுதான் இருக்கிறது, தெருதான் இருக்கிறது.

எல்லாவற்றையும் சாதி என்று தள்ளிவிடவும் நான் சொல்லவில்லை. பென்சில் பிடிக்க வரவில்லை, எழுத்து தலைகீழாக விழுகிறது என்றால் அது பிள்ளையைப் பற்றிய பேச்சு. வாங்கிக்கொள்ளுங்கள், பழக்குங்கள், கண்ணைக்கூடப் பரிசோதியுங்கள். அதற்கு முன்னால் பிள்ளையிடம் கேளுங்கள்: என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்ன? கேள்வி தெரியாமல் பதிலுக்கு மார்க் போடக் கூடாது. நான் போட்டேன்.

இந்த பாஷை எனக்குப் புதுசு இல்லை, அதுதான் வெட்கம். எங்கள் பேங்கில் ஒரு விதி உண்டு. எஸ்.சி., எஸ்.டி. மக்களின் கடன் மனுவைக் கிளை மட்டத்தில் நிராகரிக்கக் கூடாது. அடுத்த மேல்மட்டம்தான் செய்யலாம், காரணத்தையும் தெளிவாகக் காட்ட வேண்டும். ரிசர்வ் வங்கி சொன்ன விதி. அதை எப்படித் தாண்டுவது? மனுவையே வாங்கக் கூடாது. “இப்ப ஃபண்டு இல்ல, அடுத்த வாரம் வாங்க, பார்க்கலாம்.” கவுண்டரில் உட்கார்ந்து எங்கள் சனத்தைப் பார்த்தே இதைச் சொல்லியிருக்கிறேன். எழுத்தில் சொல்ல முடியாததைத்தான் வாயால் சொல்வது. பள்ளிக்கூடமும் அதைத்தான் செய்கிறது.

ஏனென்றால் அங்கேயும் சட்டம் இருக்கிறது. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், 13ஆம் பிரிவு. சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ சலித்தெடுக்கும் எந்த முறையும் கூடாது. குலுக்கல் போடலாம், இன்டர்வியூ வைக்கக் கூடாது. முதல் தடவை மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்து ஒவ்வொரு தடவைக்கும் 50,000 வரை. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொல்லியிருக்கிறது. ஆகவே பள்ளி எந்த வகை என்று முதலில் விசாரியுங்கள். நான் போனது அந்த வகை இல்லை. அந்தக் கேள்விகளைக் கேட்கவே அவர்களுக்கு உரிமை கிடையாது. பேங்க் வேலை பார்க்கிறவனுக்கே இது தெரியாமல், புதுச்சட்டை போட்டுக்கொண்டு போய் பதில் சொல்லிவிட்டு வந்தேன்.

அதனால் ‘ஷை’ என்று சொன்னால் சண்டை போட வேண்டாம். “இதை லெட்டர்ல எழுதிக் குடுங்க மேடம்” என்று கேளுங்கள். தர மாட்டார்கள். வெளியே வந்ததும் தேதி, நேரம், கேட்ட கேள்வி, சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் எங்களிடம் வாங்க, நாங்கள் எழுதுகிறோம். 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அதிகார அமைப்பிடம் எழுத்தில் புகார் தரலாம், மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். இங்கே பத்துப் பேருக்காவது இந்த மாதிரி நடந்திருக்கும். பத்தும் நோட்டில் இருந்தால் ஒரே புகாராகப் போடலாம்.

மகள் இப்போது பஞ்சாயத்து யூனியன் பள்ளியில் படிக்கிறாள். வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருக்கிறார். திட்டியதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “எதுக்குப்பா?” என்றாள். மறந்துவிட்டாளா, மறந்த மாதிரி இருக்கிறாளா, தெரியவில்லை.

போன மாதம் கறவை மாட்டுக் கடன் கேட்டு எங்கள் சேரியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மனுவை வாங்கிச் சீல் குத்தி, பெற்றுக்கொண்டதற்கு ரசீது எழுதிக் கையில் கொடுத்தேன். மேனேஜர் என்னோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.