மணி அடிக்காத வகுப்பறை
(அதியமான்கோட்டையில் ஆசிரியர்கள் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கல்லூரி இணையவழிப் படிப்பைப் பற்றிப் பள்ளி ஆசிரியர்களிடம் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். போன ஆண்டு வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு பெண், கல்லூரி இரண்டாமாண்டில் இருக்கும்போது என்னைப் பார்க்க வந்தாள். ஸ்வயம் தளத்தில் 12 வாரப் படிப்பு ஒன்றில் சேர்ந்து, ஒன்பதாம் வாரத்தில் விட்டுவிட்டாளாம். அவள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான்.

"வீடியோ எல்லாம் பஸ்லயே பார்த்துட்டேன் டீச்சர். ஒப்படைப்புதான் ஏழு விட்டுப்போச்சு. இனிமே பாஸாக முடியாதுன்னு பரீட்சைக்கே பதிவு பண்ணல" என்றாள்.

மதிப்பெண் முறையை எடுத்துப் பார்த்தோம். என்பிடெல் நடத்தும் படிப்புகளில் ஒப்படைப்புகளுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. 12 வாரப் படிப்பென்றால் சிறந்த 8 ஒப்படைப்புகளின் சராசரியை எடுப்பார்கள். ஒப்படைப்பில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 எடுத்தால் சான்றிதழ் உண்டு. இவள் முடித்திருந்தது 5 ஒப்படைப்பு. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 80 விழுக்காடு வாங்கியிருந்தாள். 5 எண்பதுகள் 400. அதை 8ஆல் வகுத்தால் 50 விழுக்காடு. 25க்கு 12.5 வந்துவிட்டது! தேர்வில் 30 எடுத்திருந்தால் போதும்.

அவள் தோற்கவில்லை. தான் எங்கே நிற்கிறோம் என்று பார்க்காமலேயே தோற்றுவிட்டதாக முடிவு செய்துவிட்டாள். கிளம்பும்போது ஒன்று சொன்னாள்: "ஸ்கூல்ல நீங்க சொல்வீங்க, நாங்க படிப்போம். அங்க யாருமே சொல்லல டீச்சர்." அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சொன்னால் படிக்கும் பிள்ளையாக அவளை வளர்த்தது நான்தானே!

இனி இத்தகைய படிப்புகள் கூடிக்கொண்டுதான் போகும். ஸ்வயம் 2017இல் தொடங்கியது. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை அதில் படித்து மதிப்பெண் சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் வழி செய்தது. சென்னை ஐஐடி 2020இல் அறிவித்த இணையவழித் தரவு அறிவியல் படிப்பில் ஜேஇஇ எழுதாமலேயே நம் பிள்ளைகள் சேரலாம். நான்கு வாரம் பாடம், வாராவாரம் ஒப்படைப்பு, பிறகு தகுதித் தேர்வு. வாசல் திறந்திருக்கிறது. ஆனால், உள்ளே மணி அடிக்க ஆள் இல்லை.

தன்னைத்தானே நெறிப்படுத்திக்கொண்டு கற்பதை மூன்று கட்டங்களாகப் பிரித்துச் சொன்னார் பேரி சிம்மர்மன் என்ற அமெரிக்கக் கல்வி உளவியலாளர். படிக்கும் முன் திட்டமிடுவது, படிக்கும்போது தன்னைக் கவனிப்பது, படித்தபின் திரும்பிப் பார்ப்பது. மூன்றுக்கும் இன்று செயலிகள் இருக்கின்றன.

திட்டமிட, கைப்பேசியிலேயே உள்ள நாட்காட்டிச் செயலி போதும். ஆனால், கடைசித் தேதியை மட்டும் குறித்தால் பயனில்லை. "செவ்வாய் மாலை 7 மணி, ஒப்படைப்பு 3, முதல் ஐந்து கேள்விகள்" என்று வேலையைக் குறிக்க வேண்டும். கவனிக்க, 25 நிமிடம் படித்து 5 நிமிடம் ஓய்வெடுக்கச் சொல்லும் நேரக் கணிப்புச் செயலிகள் உண்டு. திரும்பிப் பார்க்க, ஆன்கி போன்ற நினைவட்டைச் செயலி. மறந்த கேள்வியை விரைவிலும் தெரிந்த கேள்வியைப் பல நாள் கழித்தும் அது மீண்டும் கேட்கும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. செயலி நினைவூட்டும், முடிவெடுக்காது. நினைவூட்டல் வந்ததும் விரலால் தள்ளிவிட ஒரு நொடி போதும். காணொலி நூறு விழுக்காடு ஓடி முடிந்ததாகப் பச்சைக் கோடு காட்டும். மனத்தில் எவ்வளவு ஓடியது என்று அதற்குத் தெரியாது. பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழிப் பயிற்சிகளை ஓடவிட்டுவிட்டு அடுப்படி வேலை பார்த்தவள் நான். சிரிக்கிறீர்கள், உங்களிலும் சிலர் இருப்பீர்கள் போலிருக்கிறது!

ஆகவே, செயலிக்கு முன் பழக்கம் வர வேண்டும். அது ஆறாம் வகுப்பிலேயே தொடங்கலாம், கைப்பேசியும் தேவையில்லை. என் வகுப்பில் செய்துவரும் மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று, திங்களன்று வாரத்துக்கான மூன்று வேலைகளைக் கரும்பலகையில் எழுதிவிடுவேன். எதை எந்த நாளில் செய்வது என்று பிள்ளைகளே குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமைதான் பார்ப்பேன். முதல் மாதம் பாதிப் பேர் வியாழன் இரவுதான் உட்கார்ந்தார்கள். திட்டவில்லை. "அடுத்த வாரம் எதை மாற்றுவாய்?" என்று மட்டும் கேட்டேன்.

இரண்டு, தேர்வு எழுதி முடித்ததும் விடைத்தாளின் மூலையில் எவ்வளவு வருமென எதிர்பார்க்கிறார்கள் என்று எழுதச் சொல்வேன். தாள் திரும்பியதும் இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். 40 எதிர்பார்த்து 22 வாங்கியவனுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது.

மூன்று, தவறுக் குறிப்பேடு. சரியான விடையை ஐந்து முறை எழுதுவதற்குப் பதில், ஏன் தவறியது என்று ஒரே வரி. "கேள்வியை முழுதாகப் படிக்கவில்லை", "சூத்திரம் மறந்தது" என்பது போல.

மேல்நிலை வகுப்பில் இதே மூன்றையும் செயலிக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்போது செயலி, பிள்ளை எடுத்த முடிவைத் தாங்கும் கருவியாக இருக்கும். பழக்கம் இல்லாதவர் கையில் அது இன்னொரு மணியோசை, அவ்வளவுதான்.

இதற்கு நாம் கொடுக்க வேண்டிய விலை ஒன்று உண்டு. கொஞ்சம் விலகி நிற்க வேண்டும். வீட்டுப்பாடம் வராத நாளில் உடனே கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கடினமாக இருந்தது தெரியுமா? நாம் அக்கறை என்று நினைத்துச் செய்யும் சில வேலைகள், பிள்ளை தானே செய்திருக்க வேண்டியவை.

அந்தப் பெண் அடுத்த பருவத்தில் மீண்டும் சேர்ந்தாள். வாரந்தோறும் ஞாயிறன்று தன் மதிப்பெண்ணைத் தானே கணக்கிட்டு எனக்கு அனுப்பினாள். ஆறாம் வாரத்துக்குப் பிறகு அனுப்புவதை நிறுத்திவிட்டாள். பயந்துபோய் அழைத்தேன்.

"நோட்டுல எழுதிக்கிட்டுதான் இருக்கேன் டீச்சர். உங்களுக்கு எதுக்கு அனுப்பணும்?" என்றாள்.