கூடவே நடக்கும் வழிகாட்டி



பத்தாம் வகுப்பு எழுதிய நம் பிள்ளைகள், சென்ற கோடை விடுமுறையில் ஆளுக்கொரு தொழில் தெரிந்த பெரியவரோடு பத்து நாள் இருந்து வந்தார்கள். அதில் நாம் கற்ற பாடத்தைச் சொல்லவே எழுந்து நிற்கிறோம்.

ஒரு மாணவன் வெல்டிங் பட்டறைக்குப் போக ஆசைப்பட்டான். "கணக்கில் கெட்டிக்காரன், வங்கிக்குப் போகட்டும்" என்று நாம் மறித்தோம். பட்டறைக்காரரோ, "சாமி, பையன் கையைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்க" என்றார். போய்ப் பார்த்தோம். மூலைமட்டம் வைத்து ஜன்னல் சட்டத்தை அவனே அளந்து வெட்டியிருந்தான். கணக்கு அங்கே வீணாகவில்லை. வெட்கப்பட்டோம். இன்று ஐ.டி.ஐ.யில் படிக்கிறான்.

மருத்துவமனைக்குச் சென்ற மாணவி ஒருத்தி, "இது எனக்கு ஒத்துவராது" என்று திரும்பினாள். கட்டணம் கட்டுமுன் தெரிந்ததும் நன்மையே.

1852-ஆம் ஆண்டு துரின் நகரில் தொன் போஸ்கோ, தச்சுத் தொழில் பழகச் சென்ற ஒரு சிறுவனுக்காக ஆசாரியோடு ஒப்பந்தம் எழுதினார்: தொழிலுக்குப் புறம்பான வேலை வாங்கலாகாது, சொல்லால் திருத்த வேண்டும், அடியால் அல்ல.

பெற்றோரே, பிள்ளையின் வழியை நாம் தீர்மானிக்குமுன், அவனோடு சிறிது தூரம் நடந்து பார்ப்போம். இறைவன் நம் பிள்ளைகளை ஆசீர்வதிப்பாராக.