மூன்று சக்கரம், நான்கு கட்டு



நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றால் ஒரு காட்சியைக் காணலாம். நீளமான லாரி ஒன்று போகும். அதில் புத்தம் புதிய ஆட்டோக்கள் வரிசையாக நிற்கும். மகாராஷ்டிர மாநிலத்தில் வாலுஜ், பாராமதி ஆகிய ஊர்களில் ஆட்டோத் தொழிற்சாலைகள் உள்ளன. அங்கிருந்து தொலைதூர ஊர்களுக்கு ஆட்டோக்கள் இப்படித்தான் போகின்றன. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போனாலும் அவை சாயாமல் போய்ச் சேர்கின்றன.

பழுதான ஓர் ஆட்டோவை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றுகிறார்கள். முப்பது கிலோமீட்டர்தான் தூரம். அதற்குள் ஆட்டோ கவிழ்ந்துவிடுவது உண்டு. காரணம் என்ன? பெரும்பாலும் சாலை அல்ல. கட்டிய கட்டுதான் காரணம். அந்தக் கட்டைப் பற்றியதுதான் இன்றைய பேச்சு.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அவர்கள் கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலில் வசிப்பவர்கள். அங்கே தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. பல குடும்பங்கள் வேறு பிழைப்புத் தேடின. இந்தக் குடும்பத்தில் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். ஆட்டோ கடனில் வாங்கியது. இன்னும் 14 தவணை பாக்கி. மனைவி மாலை வகுப்பில் சேர்ந்து எழுத்தும் கணக்கும் கற்றவர்.

ஒரு நாள் கோலார் நகரில் ஆட்டோ நின்றுவிட்டது. எஞ்சின் பழுது. கணவருடன் மனைவியும் இருந்தார். மனைவியின் தம்பி தங்கவயலில் மெக்கானிக். அங்கே கொண்டுபோனால் செலவு குறையும். கொஞ்ச தூரம் என்றால் இன்னொரு ஆட்டோக்காரர் காலால் தள்ளிக்கொண்டே வந்துவிடுவார். முப்பது கிலோமீட்டருக்கு அது ஆகாது. ஆபத்தும்கூட.

முதலில் ஒரு மினி லாரி கிடைத்தது. மனைவி அதன் தளத்தை அளந்து பார்த்தார். நீளம் ஏழு அடிதான் இருந்தது. ஆட்டோவின் நீளம் எட்டரை அடிக்கு மேல். எடை தாங்கும். ஆனால் பின்சக்கரம் வெளியே தொங்கும். அனுமதித்த அளவைத் தாண்டிச் சரக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருந்தால் அபராதம் உண்டு. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அது 20,000 ரூபாய். சரக்கை இறக்கும் செலவும் தனி. அதனால் அந்த மினி லாரி வேண்டாம் என்று விட்டார்கள்.

கோலார் தக்காளிச் சந்தையில் சரக்கை இறக்கிவிட்டு ஒரு டிராக்டர் காலியாகத் திரும்பியது. அதன் டிரெய்லர் பத்தடி நீளம், ஆறடி அகலம். டிராக்டர் ஓட்டும் பெரியவர் அனுபவசாலி. வாடகை பேசி முடிந்தது.

முதல் வேலை ஏற்றுவது.

"இரண்டு பலகை போதுமா, அண்ணா?" என்று கேட்டார் ஆட்டோக்காரர்.

"காருக்கு இரண்டு போதும், தம்பி. ஆட்டோவுக்கு முன்சக்கரம் நடுவில் இருக்கிறது. மூன்று பலகை வேண்டும்" என்றார் பெரியவர்.

பலகை நீளமாக இருந்தால் தள்ளுவது எளிது. ஓர் ஆட்டோ ஏறத்தாழ 350 கிலோ இருக்கும். டிரெய்லர் தளம் மூன்றடி உயரம். ஆறடிப் பலகையில் ஏற்றினால் பாதி எடையைத் தள்ள வேண்டும். அது 175 கிலோ. ஒன்பதடிப் பலகை என்றால் மூன்றில் ஒரு பங்குதான். அது ஏறத்தாழ 117 கிலோ. சாலையோரம் மண்மேடு இருந்தால் இன்னும் நல்லது. டிரெய்லரின் பின்புறத்தை மேட்டோடு சேர்த்து நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது.

ஏற்றும்போது ஆட்டோவுக்கு நேர் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. கை வழுக்கினால் 350 கிலோவும் ஆள்மேல் வரும். முன்னால் இருந்து கயிற்றால் இழுக்க வேண்டும். பக்கவாட்டில் நின்று தள்ள வேண்டும். ஒருவர் முட்டுக்கட்டையோடு கூடவே வர வேண்டும். தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான். ஆட்டோ ஓர் அடி ஏறியதும் பின்சக்கரத்தின் கீழே கட்டை போக வேண்டும். ஒருவர் மட்டும் குரல் கொடுக்க வேண்டும். பலர் கத்தினால் குழப்பம்தான்.

அடுத்தது நிறுத்தும் இடம். இந்த ஆட்டோவில் எஞ்சின் பின்புறம் இருக்கிறது. அதனால் எடையும் பின்புறம் அதிகம். இரண்டு சக்கர டிரெய்லரில் பெரிய எடை அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். அச்சுக்குப் பின்னால் போனால் டிராக்டரின் கொக்கி மேலே தூக்கும். டிரெய்லர் வால்போல ஆடும். ஆட்டோ இடமும் வலமும் சாயாமல் சரி நடுவில் நிற்க வேண்டும்.

நிறுத்தியதும் கியரில் போட்டுக் கைப்பிரேக்கை இழுத்துவிட வேண்டும். பெட்ரோல் குழாயை மூட வேண்டும். கேஸ் ஆட்டோ என்றால் சிலிண்டர் வால்வை மூட வேண்டும். மின்சார ஆட்டோ என்றால் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். மூன்று சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைக்க வேண்டும். கட்டைகள் நகராதபடி ஆணி அடிக்க வேண்டும்.

இப்போது கட்டு.

ஆட்டோக்காரர் கயிற்றை எடுத்தார். மேற்கூரைக் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றினார். பெரியவர் தடுத்தார்.

"கூரையில் கட்டினால் கூரைதான் வளையும், தம்பி. வண்டி ஸ்பிரிங்மேல் நிற்கிறது. ஒவ்வொரு குழியிலும் ஏறி இறங்கும். இறங்கும்போது கயிறு தளரும். தளர்ந்த கயிறு கயிறே இல்லை" என்றார்.

முக்காலியை எல்லோரும் அறிவோம். மேடு பள்ளத் தரையிலும் அது ஆடாமல் நிற்கும். ஆனால் இரண்டு காலுக்கு நடுவில் உள்ள விளிம்பில் சாய்ந்து உட்கார்ந்தால் குப்புறத் தள்ளிவிடும். ஆட்டோவும் முக்காலிதான். முன்சக்கரத்தின் இரண்டு பக்கமும் கால் கிடையாது. டிராக்டர் வேகமாகத் திரும்பினால் ஆட்டோ அந்த மூலையில்தான் சாயும். அதனால் கட்டு கீழே இருக்க வேண்டும். நான்கு மூலைக்கும் போக வேண்டும்.

முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டின் கீழ்ப்பகுதியில் இரண்டு கட்டு. ஒன்று டிரெய்லரின் முன் இடது மூலைக்கு. மற்றொன்று முன் வலது மூலைக்கு. இவை ஆட்டோ பின்னால் போகாமல் பிடிக்கும். பின்பக்கம் அடிச்சட்டத்தில் இரண்டு கட்டு. அவை பின் மூலைகளுக்குப் போகும். இவை ஆட்டோ முன்னால் பாயாமல் பிடிக்கும். நான்கும் சேர்ந்து பக்கவாட்டில் சாயாமல் காக்கும். ஸ்பிரிங் சற்று அமுங்கும் அளவு இறுக்கினால் போதும்.

ஹேண்டிலில் கட்டக் கூடாது. பிரேக் குழாய், கேபிள், சைலன்சர் இவற்றில் கயிறு படக் கூடாது. டிரெய்லரின் பக்கப் பலகையில் கட்டக் கூடாது. அடிச்சட்டத்தோடு சேர்ந்த இரும்பு வளையத்தில்தான் கட்ட வேண்டும். கூர்மையான விளிம்பில் கயிறு உரசினால் அங்கே பழைய டயர்த் துண்டு வைக்க வேண்டும்.

எவ்வளவு பலம் வேண்டும்? பஸ் திடீரென்று நின்றால் பயணிகள் முன்னால் சாய்கிறார்கள். சரக்கும் அப்படித்தான். முன்பக்கம் எடையில் பத்தில் எட்டுப் பங்கைத் தாங்க வேண்டும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. பக்கவாட்டிலும் பின்பக்கமும் பாதி. 350 கிலோ ஆட்டோவுக்கு முன்பக்கம் 280 கிலோ. மற்றப் பக்கங்களில் 175 கிலோ. கட்டு சாய்வாக இழுப்பதால் இதைவிடக் கூடுதல் பலம் தேவை.

பெரியவரிடம் நான்கு ராட்செட் பெல்ட்டுகள் இருந்தன. நெம்புகோலை ஆட்டி இறுக்கும் பட்டைகள் அவை. மனைவி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துச் சீட்டைப் படித்தார். மூன்றில் 1000 கிலோ என்று இருந்தது. நான்காவதில் சீட்டு இல்லை. வெயிலில் நிறம் வெளுத்து, ஓரம் கிழிந்திருந்தது.

"இது வேண்டாம். வேறு வாங்கிக்கொள்ளலாம்" என்றார் அவர்.

"ஒன்றுதானே? நேரம் ஆகிறது" என்றார் கணவர்.

"மூன்று கட்டி நாலாவது அறுந்தால் வண்டி அந்தப் பக்கம் சாயும். தவணை யார் கட்டுவது?" என்று கேட்டார் மனைவி.

கணவர் பதில் பேசவில்லை. கடைக்குப் போய்ப் புதுப் பட்டை வாங்கி வந்தார். சீட்டைப் பார்த்துத்தான் வாங்கினார்.

கட்டி முடிந்ததும் ஒரு சோதனை. ஆட்டோவைப் பிடித்துக் குலுக்கிப் பார்க்க வேண்டும். ஆட்டோவும் டிரெய்லரும் சேர்ந்து ஆடினால் கட்டு சரி. ஆட்டோ மட்டும் தனியாக ஆடினால் இன்னும் இறுக்க வேண்டும். பக்கத் திரைகள் காற்றில் அடிக்காமல் சுருட்டிக் கட்ட வேண்டும். பட்டையின் மீதி நுனி டிரெய்லர் சக்கரத்தில் சிக்காமல் முடிந்து வைக்க வேண்டும்.

"நான் ஆட்டோவிலேயே உட்கார்ந்து வருகிறேன்" என்றார் ஆட்டோக்காரர்.

பெரியவர் ஒப்பவில்லை. ஏற்றிய ஆட்டோவில் யாரும் உட்காரக் கூடாது. கவிழ்ந்தால் ஆட்டோவைப் பழுது பார்க்கலாம். ஆளைப் பழுது பார்க்க முடியுமா? கணவனும் மனைவியும் பஸ்ஸில் புறப்பட்டார்கள்.

பெரியவர் பத்து கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்தினார். புதுக் கட்டு முதல் குலுக்கலில் கொஞ்சம் இளகும். இறங்கி நான்கையும் தொட்டுப் பார்த்தார். முன் இடது பட்டை தளர்ந்திருந்தது. இறுக்கினார். வளைவுகளில் மெதுவாகத் திருப்பினார். இருட்டும் முன்பே தங்கவயல் வந்துவிட்டது.

இறக்கும்போதும் அதே கவனம் வேண்டும். முதலில் பலகை. பிறகு முன்னால் பிடிகயிறு. அதன் பிறகே கட்டை அவிழ்க்க வேண்டும். கட்டை முதலில் அவிழ்த்தால் ஆட்டோ தானாக இறங்கிவிடும்.

நண்பர்களே, கட்டுவதற்கு அரை மணி நேரம் ஆனது. புதுப் பட்டைக்குக் கொஞ்சம் பணம் செலவானது. ஆனால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு ஒரு கீறல்கூட இல்லாமல் வீடு வந்து சேர்ந்தது. அந்தப் பட்டையின் சீட்டில் இருந்தது ஓர் எண்ணும் ஒரு சொல்லும்தான். அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தார். இனி பட்டையோ கயிறோ வாங்கும்போது அதில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். படித்த பிறகே கட்டுங்கள்.