பேட்டரி மேல் மட்டும் பழி போடாதீர்கள்

  

நான் ஒரு மோட்டார் சைக்கிள் மெக்கானிக். மும்பையில், தாராவியில், சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். உங்களைப் போலவே நானும் பெரியவனான பிறகுதான் எழுத்துக் கற்றேன். அதனால் உங்கள் முன்னால் பேச எனக்குக் கூச்சம் இல்லை.

முதலில் ஓர் இட்லிக்காரரைப் பற்றிச் சொல்கிறேன். அவரும் அவர் மனைவியும் இரவு இரண்டு மணிக்கு எழுந்து இட்லி அவிப்பார்கள். விடியும் முன்பே அவர் வண்டியில் கிளம்பிவிடுவார். வண்டி பழைய ஸ்ப்ளெண்டர். 1994-ல் வந்த மாடல்.

வண்டி நன்றாக ஓடியது. முன் விளக்கும் எரிந்தது. ஆனால் ஹார்ன் முனகியது. இண்டிகேட்டர் மின்னவில்லை. பிரேக் பிடித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரியவில்லை. ஒரு நாள் நல்ல மழை. அவர் பிரேக் பிடித்தது பின்னால் வந்த டாக்சிக்குத் தெரியவில்லை. இடித்துவிட்டது. இட்லி எல்லாம் ரோட்டில். முழங்காலில் காயம். உயிர் தப்பினார்.

அடுத்த நாள் என்னிடம் வந்தார்.

"தம்பி, புது பேட்டரி ஒண்ணு போட்டுக் கொடு. இந்த வருஷத்துல இது மூணாவது."

"பொறுங்க அண்ணாச்சி. மூணு பேட்டரியுமா கெட்டுப்போகும்? முதல்ல பார்ப்போம்" என்றேன்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

பேட்டரி மின்சாரத்தை உண்டாக்குவது இல்லை. அது தண்ணீர்த் தொட்டி மாதிரி. ஊற்றினால்தான் இருக்கும். ஊற்றுகிற வேலையை மூன்று பேர் செய்கிறார்கள்.

முதல் ஆள், மேக்னெட்டும் காயிலும். இவை என்ஜின் பக்கத்து மூடிக்குள் இருக்கும். மேக்னெட் என்றால் காந்தம். காயில் என்றால் செம்புக் கம்பிச் சுருள். என்ஜின் ஓடும்போது கம்பிச் சுருளைச் சுற்றிக் காந்தம் சுழலும். கம்பியில் மின்சாரம் பிறக்கும்.

இந்த உண்மையை 1831-ல் கண்டவர் மைக்கேல் ஃபாரடே. இங்கிலாந்துக்காரர். கொல்லர் மகன். சிறு வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பார்த்தார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவை வளர்த்தார்.

இரண்டாவது ஆள், ரெக்டிஃபையர். காயிலில் பிறக்கும் மின்சாரம் முன்னும் பின்னுமாக ஓடும். அதை பேட்டரி ஏற்காது. ரெக்டிஃபையர் அதை ஒரே திசையில் திருப்பி அனுப்பும். அதிகமானால் தடுக்கவும் செய்யும். இது விரல்கள் போலப் பட்டைகள் உள்ள சின்ன அலுமினியப் பெட்டி.

மூன்றாவது ஆள், ஒயரும் கப்ளரும் ஃபியூசும். இவைதான் வாய்க்கால். வாய்க்கால் அடைத்தால் தொட்டி நிறையுமா?

இந்தப் பழைய வண்டியில் என்ஜினுக்கும் முன் விளக்குக்கும் வேண்டிய மின்சாரம் காயிலில் இருந்தே போகும். ஹார்ன், இண்டிகேட்டர், பிரேக் விளக்கு மூன்றும்தான் பேட்டரியை நம்பி இருக்கின்றன. அதனால்தான் வண்டி ஓடியது, ஹார்ன் முனகியது. எல்லா வண்டியும் இப்படி இல்லை. சில வண்டிகளில் பேட்டரி செத்தால் என்ஜினும் நிற்கும்.

கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு மல்டிமீட்டர் வேண்டும். அதில் நேர்க்கோடு போட்ட பக்கம் பேட்டரி மின்சாரம் பார்க்க. அலை போல வளைந்த கோடு போட்ட பக்கம் காயில் மின்சாரம் பார்க்க. எண்களைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

1. ஃபியூசைப் பாருங்கள். உள்ளே கம்பி அறுந்திருந்தால் அதே எண் உள்ள ஃபியூசைப் போடுங்கள். சிகரெட் காகிதம், செம்புக் கம்பி சுற்றாதீர்கள். ஒயர் தீப்பிடிக்கும்.

2. என்ஜினை நிறுத்திவிட்டு பேட்டரியில் மீட்டரை வையுங்கள். 12.5-க்கு மேல் இருந்தால் நல்லது. 12-க்குக் கீழே என்றால் தொட்டி காலி. வெளியே கொடுத்துச் சார்ஜ் ஏற்றிப் பாருங்கள். ஏற்றியும் நிற்கவில்லை என்றால்தான் பேட்டரி கெட்டது.

3. என்ஜினை ஓடவிட்டு லேசாக ஆக்சிலேட்டர் கொடுங்கள். பேட்டரியில் 13.5 முதல் 14.5 வரை ஏறினால் சார்ஜ் ஆகிறது. எண் ஏறவே இல்லை என்றால் ஆகவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெக்டிஃபையர் தடுக்கவில்லை. பேட்டரி தண்ணீர் சீக்கிரம் வற்றும்.

4. சார்ஜ் ஆகவில்லையா? என்ஜினை நிறுத்தி ரெக்டிஃபையர் கப்ளரைக் கழற்றுங்கள். மீட்டரை அலைக்கோட்டுப் பக்கம் திருப்புங்கள். காயிலில் இருந்து வரும் சார்ஜ் ஒயரில் ஒரு முனை, வண்டியின் பாடியில் ஒரு முனை. என்ஜினை ஓடவிட்டால், ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க எண் ஏற வேண்டும். ஏறினால் காயில் நல்லது. ஏறவில்லை என்றால் காயிலிலோ அதன் ஒயரிலோ கோளாறு. வெற்றுக் கம்பியில் கை வைக்காதீர்கள். ஸ்பார்க்குக்குப் போகும் ஒயரைத் தொடவே வேண்டாம். பலமாக அடிக்கும்.

இட்லிக்காரர் வண்டியில் காயில் நன்றாக இருந்தது. அப்படியானால் ரெக்டிஃபையரா? அதை மாற்றும் முன் கப்ளரைத் திறந்து பார்த்தேன். பேட்டரிக்குப் போகும் சிவப்பு ஒயரின் முனையில் பச்சைக் களிம்பு. மழைத் தண்ணீர் செய்த வேலை. வாய்க்கால் அடைத்திருந்தது.

களிம்பை உப்புத்தாளால் தேய்த்தேன். முனையை மாற்றினேன். பேட்டரியை இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றினேன். காலையில் என்ஜின் ஓடும்போது மீட்டர் 14 காட்டியது. ஹார்ன் அலறியது. பிரேக் விளக்கு எரிந்தது. வாங்கிப் போட்ட இரண்டு பேட்டரியின் பணம்? போனது போனதுதான்.

மாற்றுவது எப்படி?

சில நேரம் உறுப்பையே மாற்றத்தான் வேண்டும். அப்போது இவற்றை மறக்காதீர்கள்.

பேட்டரி ஒயரைக் கழற்றும்போது கழித்தல் குறி உள்ளதை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். பேட்டரி அருகே பீடி, தீக்குச்சி கூடாது. அதில் இருந்து வரும் வாயு வெடிக்கும். ஆசிட் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

பழைய ரெக்டிஃபையரைக் கடைக்குக் கொண்டு போங்கள். அதில் உள்ள எண், ஒயர்களின் எண்ணிக்கை, கப்ளர் வடிவம் மூன்றும் புதியதில் ஒத்திருக்க வேண்டும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். மாட்டும் இடத்தில் துருவைச் சுரண்டி, போல்ட்டை இறுக்குங்கள். அந்தப் பெட்டியின் சூடு பாடி வழியாகவும் வெளியேறும்.

காயிலை மாற்ற மேக்னெட்டைக் கழற்ற வேண்டும். அதற்குப் புல்லர் என்ற கருவி உண்டு. சுத்தியலால் அடித்தால் மேக்னெட் வெடித்துப்போகும். புல்லர் இல்லை என்றால் தெரிந்தவரிடம் விடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மறுபடி மீட்டர் வைத்துப் பாருங்கள். எண் சரியாக வந்தால்தான் வேலை முடிந்தது.

பழைய பேட்டரியைக் குப்பையில் வீசாதீர்கள். உள்ளே ஈயம் இருக்கிறது. ஈயம் விஷம். பேட்டரிக் கடையில் கொடுங்கள்.

நான் செய்த தவறு

கடைசியாக ஒன்று. நான் பட்டறைப் பையனாக இருந்தபோது ஒரு பேட்டரியைத் தலைமாற்றி மாட்டிவிட்டேன். கூட்டல் குறியும் கழித்தல் குறியும் அதன் மேல் பெரிதாகத்தான் போட்டிருந்தன. எனக்கு அது வெறும் கோடு. ரெக்டிஃபையர் கருகியது. முதலாளி இரண்டு வாரக் கூலியைப் பிடித்துக்கொண்டார். அன்று இரவு அழுதேன். அதன் பிறகுதான் இரவு வகுப்பில் சேர்ந்தேன்.

இப்போது அந்தக் குறிகள் எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். 12 என்ற எண்ணை உங்களால் படிக்க முடியும். 14-க்கும் 15-க்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். இனி யாராவது "பேட்டரி போச்சு, மாத்தணும்" என்றால் தலையாட்டாதீர்கள். "மீட்டர் வைத்துக் காட்டுங்க" என்று கேளுங்கள். எண்ணை நீங்களே படியுங்கள்.